சோம்பேறிங்க பத்தின உங்க கட்டுரைக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ஞாயித்துக்கிழமை வறுமை ஒழிப்பு பத்தி முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. நடுவுல ஒரு வரி, நூறு நாள் வேலை கிராமத்து ஜனங்களை மரத்தடியில உக்கார வெச்சுடுச்சாம். ஐயா, அப்படி உக்காந்திருக்கிறவங்கள்ல எங்க அம்மாவும் ஒருத்தங்க. ஏன் உக்காந்திருக்காங்கன்னு எழுதினவர் வந்து கேட்டாரா? காலையில ஒரு போட்டோ மதியத்துக்கு மேல ஒரு போட்டோ, ரெண்டையும் ஆப்ல ஏத்தினாத்தான் வருகை, 2023 ஜனவரியிலருந்து இதான் கட்டாயம். எங்க ஏரியில டவர் கிடைக்காது, பணித்தளப் பொறுப்பாளர் பொண்ணு போனைத் தூக்கிப் பிடிச்சிட்டு கரை மேல அங்கயும் இங்கயும் நடக்கும், போட்டோ ஏறுற வரைக்கும் அத்தனை பேரும் காத்திருக்க வேண்டியதுதான். அந்த நேரமா பாத்து உங்க ஆளு பஸ்ல போயிருப்பாரு போல.

2025-26க்கு 336 ரூபா கூலின்னு எழுதத் தெரிஞ்சவருக்கு, குழி அளந்து பாத்து அதுலயும் கழிச்சுத்தான் போடுறாங்கன்னு தெரியலையே. அதையும் நேரத்துக்குப் போடுறாங்களா? 2025 பொங்கலுக்கு எங்க யாருக்கும் காசு ஏறல, 1,056 கோடி பாக்கின்னு முதலமைச்சரே பிரதமருக்கு லெட்டர் போட்டாரு, நீங்களும்தான் செய்தி போட்டீங்க. பதினஞ்சு நாள் தாண்டினா நஷ்டஈடு உண்டாம், நாளுக்கு 0.05 சதவீதம். அப்போ ஒரு நாள் கூலி 319, கணக்கு போட்டுப் பாருங்க, அந்தக் கூலி தள்ளிப்போற ஒவ்வொரு நாளுக்கும் 16 பைசா. பெரிய மனசு.

குடியாலதான் குடும்பம் அழியுதுன்னும் எழுதியிருக்காரு. இல்லன்னு சொல்லல. 2003-லருந்து அந்த மதுக்கடையை நடத்துறது யாருன்னு அடுத்த வரி எழுத மட்டும் பேனாவுல மை தீர்ந்துடுச்சா?

எங்க வீடு கீழ இறங்கினது குடியாலயும் இல்ல சோம்பலாலயும் இல்ல. அப்பா லோடு ஏத்துற வேலை, இடுப்பு போயிடுச்சு. காப்பீட்டு கார்டு ஆபரேஷனுக்கு செல்லுச்சு, நல்லாவே பாத்தாங்க, நன்றியோடதான் சொல்றேன். ஆனா அவரு படுத்துக் கிடந்த மாசத்துக்கெல்லாம் எந்தக் கார்டு சம்பளம் குடுக்கும்? ஒரு குழுவுல கடன், அதை அடைக்க இன்னொரு குழுவுல கடன், கடைசியில என் கம்மலும் போச்சு. ரேஷன் அரிசி வாங்கித் தின்னு ஜனங்க கெட்டுப்போச்சுன்னு முன்னாடி ஒருதரம் எழுதினீங்களே, அந்த அரிசி இல்லன்னா அப்போ நாங்க இல்ல. அன்னைக்கே எழுதணும்னு இருந்தேன், பொறுத்துக்கிட்டேன்.

சட்டமெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்ல. வேலை கேட்டு மனு குடுத்தா தேதி போட்ட ரசீது தரணும், 15 நாளுக்குள்ள வேலை தரலன்னா வேலையில்லாப் படி தரணும், முதல் 30 நாளுக்கு கூலியில கால்வாசி, அப்புறம் பாதி. எங்க ஊராட்சியில ரசீது கேட்டா யாரு சொன்னதுங்கிறாங்க. மன்னிப்பெல்லாம் வேணாம், இதை மட்டும் ஒரு ஓரமா கட்டம் கட்டிப் போடுங்க, வெட்டி எடுத்துட்டுப் போய் காட்டிக்கிறோம்.

இப்படிக்கு,
ரொம்ப வருஷமா உங்க பேப்பர் படிக்கிற வாசகி,
திருவண்ணாமலை மாவட்டம்.