வாசகர் வட்டம், அரூர்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன ஆண்டு அறிக்கை நீளம் என்று புகார் வந்தது. இந்த ஆண்டும் ஒரு விஷயத்தில் நீளப் போகிறது. மற்றவற்றை முதலிலேயே ஓட்டிவிடுகிறேன்.

மாதம் ஒன்று வீதம் பன்னிரண்டு கூட்டம் நடந்திருக்க வேண்டும். நடந்தது பத்து. டிசம்பர் கூட்டத்தை ஃபெஞ்சல் புயல் எடுத்துக்கொண்டது. ஊத்தங்கரையில் வண்டிகள் வெள்ளத்தில் உருண்டு போனதை டிவியில் பார்த்துக்கொண்டே, நூலகத்தில் ஒழுகிய மூலையிலிருந்த புத்தகங்களை மேசைக்கு மாற்றினோம். தை மாதக் கூட்டத்துக்கு வந்தவர்கள் மூன்று பேர். அத்தனை முகூர்த்தம். மின்விசிறி இரண்டும் மாற்றப்பட்டன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

சரி, ஜூன் கூட்டத்துக்கு வருகிறேன்.

அன்று எடுத்துக்கொண்டது அமெரிக்க மருத்துவர் பால் ஃபார்மரின் வாழ்க்கை. பேச ஒப்புக்கொண்டவர் நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர். குறிப்பு எதுவும் இல்லாமல் வந்து முக்கால் மணி நேரம் பேசினார். ஃபார்மர் 1959இல் பிறந்தவர். சிறு வயதில் குடும்பமே ஒரு பழைய பேருந்துக்குள் குடியிருந்தது. அப்பா ஏலத்தில் எடுத்த அந்த வண்டி, அதற்கு முன் ஊர் ஊராகப் போன காசநோய் மருத்துவ ஊர்தி. இதைச் சொல்லிவிட்டு, "தலையெழுத்தப் பாருங்க" என்று சிரித்தார்.

ஃபார்மர் 1983இல் கரீபியன் தீவு நாடான ஹைத்திக்குப் போனார். கான்ஜ் என்ற மலையூரில் அவர் பார்த்தவர்கள் அணையால் நிலம் இழந்தவர்கள். 1956இல் பெலிக்ர் அணை கட்டியபோது பள்ளத்தாக்கு மூழ்கியது. மின்சாரம் நகரத்துக்குப் போனது, நிலத்துக்காரர்கள் மேட்டுக்கு ஏறினார்கள். இந்த இடத்தில் பென்னாகரத்து உறுப்பினர் கையைத் தூக்கி, "எங்க தாத்தா ஊர் மேட்டூர் அணைக்குள்ள இருக்குதுங்க" என்றார். தண்ணீர் வற்றினால் பண்ணவாடியில் நந்தி தலை தெரிவதைப் பற்றிப் பேச்சு போய்விட்டது. தலைவர்தான் திரும்ப ஹைத்திக்கு இழுத்து வந்தார்.

1987இல் ஃபார்மர் நண்பர்களோடு சேர்ந்து, ஏழைகளுக்கு மருத்துவம் செய்யும் 'பார்ட்னர்ஸ் இன் ஹெல்த்' அமைப்பைத் தொடங்கினார். ஹார்வர்டில் மருத்துவமும் மானிடவியலும் சேர்த்துப் படித்து 1990இல் முடித்தார். அன்று எங்களை உட்கார வைத்தது இந்தப் படிப்பும் பட்டமும் அல்ல, அவர் கான்ஜில் செய்து பார்த்த ஒரு காரியம். காசநோயாளிகளில் இரண்டு தரப்பு. மாத்திரை இரு தரப்புக்கும் இலவசம். ஒரு தரப்புக்கு மட்டும் கூடுதலாகச் சாப்பாடு, கையில் கொஞ்சம் பணம், வீடு தேடி வரும் உள்ளூர் ஆள். அந்தத் தரப்பில் அத்தனை பேரும் குணமானார்கள். மற்றதில் சுமார் பாதிப் பேர்தான். நோயாளிகள் நோய்க்குக் காரணம் செய்வினை என்று நம்புவதால்தான் மருந்தை விடுகிறார்கள் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். செய்வினை என்று நம்பியவர்களும் குணமாகிவிட்டார்கள், சோறு கிடைத்ததும்.

நம் ஆய்வாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "மருந்த பாதியில விட்டவங்கள நாங்க கார்டுல டிஃபால்ட்டர்னு எழுதுவோம். ஏன் வரலைன்னு எழுத அதுல கட்டமே இல்ல. மலையிலேர்ந்து ஒருத்தன் மாத்திரைக்கு வந்தா அன்னிக்குக் கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. வெறும் வயித்துல அந்த மாத்திரையப் போட்டா குமட்டும். இதெல்லாம் எனக்கு அப்பவே தெரியும். ஆனாலும் டிஃபால்ட்டர்னுதான் எழுதினேன்."

வீடு தேடி வரும் அந்த உள்ளூர் ஆளுக்கு ஹைத்தியில் பிரெஞ்சில் ஒரு பெயர் இருக்கிறது: கூட வருபவர் என்று பொருள். நம் ஊரில் 'துணைக்குப் போறது' என்கிறோமே, அதுதான். பிற்பாடு பெருவில் லீமா நகரத்து ஏழைகளுக்கு மருந்துக்கு அடங்காத காசநோய் வந்தபோது, செலவு கட்டாது என்று பெரிய இடங்களில் கைவிரித்தார்கள். ஃபார்மரும் சக மருத்துவர் ஜிம் யாங் கிம்மும் அங்கேயும் இதே வழியில் செய்து குணப்படுத்திக் காட்டினார்கள். அந்தக் கிம்தான் பின்னால் உலக வங்கியின் தலைவரானார். ஃபார்மர் 2022 பிப்ரவரி 21 அன்று ருவாண்டாவின் புட்டாரோவில் தூக்கத்திலேயே இறந்தார். வயது 62.

கூட்டத்தில் எதிர்ப்பும் வந்தது. அரிசி பருப்பு கொடுப்பது டாக்டர் வேலையா, ரேஷன் கடை வேலையா என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி என்றுதான் எனக்கு இன்றும் படுகிறது. ஆனால் பதில் ஏற்கெனவே நம் நாட்டுச் சட்டதிட்டத்திலேயே இருக்கிறது. காசநோயாளிக்குச் சத்துணவுக்காக அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் தருகிறது. 2024 நவம்பரிலிருந்து அது 1000. பொதுமக்களும் உணவுப் பை கொடுக்கலாம் என்று நிக்சய் மித்ரா ஏற்பாடு 2022இல் வந்தது. அதில் நாமும் சேர்வது என்று அன்றே தீர்மானம் போட்டோம்.

இனி நம் தவறு. ஆகஸ்டில் முதல் பை கொடுத்தோம். ராகி மாவு, துவரம்பருப்பு, கடலை எண்ணெய், வேர்க்கடலை, முட்டை. சம்மதம் தந்த நோயாளிகளின் வீட்டுக்கே கொண்டு போனோம். கூடவே ஒரு ஃப்ளெக்ஸும் கொண்டு போனோம். அதில் நம் வட்டத்தின் பெயர் கொட்டை எழுத்தில். ஃப்ளெக்ஸ் அடிக்கச் சொன்னவன் நான். ஒரு வீட்டில் படம் எடுக்க நின்றபோது நோயாளியின் மனைவி வாசற்படியிலிருந்து இறங்கவே இல்லை. எதிர்வீட்டுத் திண்ணையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் கிளம்பும்போது பின்னாலேயே வந்து மெதுவாகச் சொன்னார்: "அண்ணா, அடுத்த மாசம் வீட்டுக்கு வராதீங்க. நானே வந்து வாங்கிக்கறேன். பெரியவளுக்கு மாப்பிள்ளை பாக்கறோம்."

வண்டியில் ஒருவரும் பேசவில்லை. ஃப்ளெக்ஸ் இப்போது நூலகத்தில் ஒழுகும் மூலைக்கு மேல் கட்டப்பட்டிருக்கிறது. அந்த வேலையை நன்றாகச் செய்கிறது. செப்டம்பரிலிருந்து பை ஒரு மளிகைக் கடையில் இருக்கும். பெயர், சீட்டு எதுவும் கிடையாது. கடைக்காரருக்கு ஆள் தெரியும். சாமான் வாங்குகிற மாதிரி வந்து வாங்கிப் போகிறார்கள். ஆறு மாதச் சிகிச்சையை எல்லோரும் முடித்தார்களா என்றால், ஒருவர் இடையில் கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். அங்கே மாத்திரை தொடரும்படி ஆய்வாளர் பேசி ஏற்பாடு செய்தார். மற்றவர்கள் முடித்துவிட்டார்கள்.

பிப்ரவரியில் வேன் பிடித்து, கோட்டப்பட்டி வழியாகச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையில் இருக்கும் சிட்டிலிங்கிக்குப் போனோம். நம் மாவட்டத்திலேயே இருந்தும் நம்மில் பாதிப் பேர் அதுவரை பார்த்ததில்லை என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன். மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் ஒரு குடிசையில் தொடங்கிய மருத்துவமனை அது. அப்போது அந்தப் பள்ளத்தாக்கில் ஆயிரம் குழந்தை பிறந்தால் 147 குழந்தை ஒரு வயதைத் தாண்டவில்லை. இந்த மலைகளிலேயே வாழும் மலையாளி என்ற பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, அவரவர் ஊருக்கு அவரவரையே துணையாக்கினார்கள். இன்று அந்த எண்ணிக்கை வெகுவாக இறங்கிவிட்டது. அதோடு நிற்காமல் இயற்கை விவசாயிகள் சங்கம், லம்பாடிப் பெண்களின் 'பொற்கை' பூத்தையல் என்று வேலை விரிந்தது. வயிறும் வருமானமும் மருத்துவத்துக்குள்தான் சேர்த்தி என்பதற்கு நாம் ஹைத்தி வரை போயிருக்கத் தேவையில்லை. நாங்கள் போன அன்று புறநோயாளி வரிசை நீளமாக இருந்ததால் மருத்துவர்களைத் தொந்தரவு செய்யாமல் திரும்பினோம். பொருளாளர் ஒரு பூத்தையல் பை வாங்கினார். அது சொந்தச் செலவு.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். முட்டை விலை ஏறிவிட்டதால் உணவுப் பைக்கான மாதச் சந்தாவை உயர்த்த அவையின் ஒப்புதல் வேண்டும். அடுத்து, மளிகைக் கடையில் மஞ்சப்பை தீர்ந்துவிட்டது. வீட்டில் கல்யாணப் பை சேர்ந்து கிடப்பவர்கள் கொண்டு வந்து தரலாம். பெயர் அச்சடிக்காத பையாக இருந்தால் நல்லது.

அறிக்கையை அவை ஏற்றுக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்