திரைப்படச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆண்டு முழுக்க ஒரே பொருளில் படம் போடுவது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவானது. எந்தப் பொருள் என்பதில்தான் இழுபறி. கடைசியில் 1920களின் அமெரிக்க மௌனப் படங்களில் வந்த ஃப்ளாப்பர் பெண்களைத் தேர்ந்தெடுத்தோம். தலைமுடியைக் குட்டையாக வெட்டி, முழங்காலளவு கவுன் போட்டு, சிகரெட்டும் சார்ல்ஸ்டன் ஆட்டமுமாகத் திரிந்த இளம்பெண்கள் அவர்கள். அங்கே மதுவிலக்கும் பெண்களுக்கு நாடு தழுவிய வாக்குரிமையும் வந்தது 1920இல்தான் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் மறைப்பானேன்: இந்தப் படங்களுக்கு உரிமைக் கட்டணம் கிடையாது. நம் கையிருப்பு எல்லோருக்கும் தெரியும்.

முதல் படம் 'தி ஃப்ளாப்பர்' (1920). விடுதிப் பள்ளி மாணவி ஒருத்தி உலகம் பார்த்தவள்போல வேஷம் கட்டுகிற கதை. எழுதியவர் பிரான்சஸ் மரியன். இயக்கிய ஆலன் கிராஸ்லண்ட்தான் பின்னாளில், பேசும் பட யுகத்தைத் தொடங்கிவைத்த 'தி ஜாஸ் சிங்கர்' எடுத்தவர். நாயகி ஆலிவ் தாமஸ் அதே ஆண்டு செப்டம்பரில் பாரிஸில் இறந்துபோனார். அன்று இசை இல்லாமல் ஓட்டியதால் பாதிப் பேர் இடைவேளையில் எழுந்துவிட்டார்கள். அடுத்த திரையிடலிலிருந்து உறுப்பினர் ஒருவரின் மகன் கீபோர்டு வாசித்தார். காட்சிகளுக்கிடையே வரும் எழுத்து அட்டைகளை ஒருவர் தமிழில் படித்தார். அந்தக் காலத்தில் நம் கொட்டகைகளிலும் திரையருகே நின்று கதை சொன்னவர்கள் உண்டே!

ஆண்டின் சிறந்த மாலை 'இட்' (1927) திரையிட்ட நாள். கிளாரா பவ் அதில் பெரிய கடையொன்றின் விற்பனைப் பெண். முதலாளியைப் பார்த்த மாத்திரத்தில் இவன்தான் என்று முடிவு கட்டிவிடுகிறாள். ரிட்ஸ் ஓட்டல் விருந்துக்குப் போக உடுப்பு இல்லை. வேலைக்குப் போட்டுவந்த கவுனையே, அவள் உடம்பில் இருக்கும்போதே, அறைத்தோழி கத்தரிக்கோலால் வெட்டி விருந்து உடையாக்குகிறாள். ஃப்ளாப்பர் என்றால் பணக்கார வீட்டுச் செல்லம் என்று எண்ணியிருந்த நமக்கு, மாதச் செலவை எண்ணி வாழும் பெண் என்று அந்தக் கத்தரிக்கோல் காட்டியது. கிளாரா பவ்வும் புரூக்ளினில் வறுமையில் வளர்ந்து, 1921இல் ஒரு பத்திரிகைப் போட்டியில் வென்று சினிமாவுக்கு வந்தவர். படத்தில், தோழியின் குழந்தையைப் பறித்துப்போக வந்த சமூகநலப் பெண்களிடமிருந்து காப்பாற்ற, 'என் குழந்தை' என்று அந்த விற்பனைப் பெண் சொல்லும் இடத்தில் அரங்கில் கைதட்டல். நகைக்கடையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற மூத்த உறுப்பினர் ஒருவர், அந்தக் கடைப் பெண்களுக்கு உட்கார ஸ்டூல் இருந்ததா என்று கேட்டார். நம் மாநிலத்தில் கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்ற சட்டத்திருத்தம் 2021இல்தான் வந்தது என்பதால், கலந்துரையாடல் அன்று நெடுநேரம் நீண்டது.

'அவர் டான்சிங் டாட்டர்ஸ்' (1928) பார்த்து உறுப்பினர்கள் இரண்டு கட்சியானார்கள். மேசைமேல் ஏறி ஆடும் ஜோன் கிராஃபோர்டு உள்ளே நேர்மையானவள். அடக்கத்தின் வடிவமாக நடிக்கும் அனிதா பேஜ்தான் பணத்துக்காகக் கல்யாணம் செய்கிறவள். குடிபோதையில், தரை தேய்க்கும் பெண்களைக் கேலி செய்துகொண்டே மாடிப்படியில் உருண்டு சாகிறாள். துணிச்சலான படம் என்றது ஒரு கட்சி. என் கருத்து வேறு. ஏழு ரீல் ஆடவிட்டு, கடைசி ரீலில் 'இவள் நல்ல பெண்தான்' என்று சான்றிதழ் கொடுத்துக் கட்டிவைப்பதே இந்தப் படங்களின் வியாபாரம். 'ஒய் பி குட்?' (1929) படத்தில் முதலாளி மகன், நாயகி காலீன் மூர் ஒழுக்கமானவளா என்று சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் மணக்கிறான். சோதனை அவனுக்கு ஏன் இல்லை என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டதை நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதிந்திருக்கிறேன்.

'ஒய் பி குட்?' நீண்டகாலம் தொலைந்துபோய், இத்தாலியில் கிடைத்து, 2014இல் அதன் இசை பதிந்த ஒலித்தட்டுகளோடு சீரமைக்கப்பட்டது. காலீன் மூரின் புகழுக்கு அடித்தளமிட்ட 'ஃப்ளேமிங் யூத்' (1923) நமக்கு வாய்க்கவில்லை. எஞ்சியிருப்பது ஒரு துண்டு மட்டும். அமெரிக்க மௌன முழுநீளப் படங்களில் சுமார் 70 விழுக்காடு அழிந்துவிட்டதாக அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்தின் 2013 ஆய்வு சொல்கிறது. பம்பாயில் தொலைபேசி ஆபரேட்டராக இருந்து நடிகையான சுலோசனா, 'டெலிபோன் கேர்ள்' (1926) படத்தில் அதே வேலை பார்க்கும் பெண்ணாக வந்தார். அதைப் போடலாமே என்று கேட்டவர்களுக்கும் இதே பதில்தான்.

ஜெர்மானியப் படமான 'பாண்டோராவின் பெட்டி' இந்த வரிசையில் சேராது என்று குழு முடிவு செய்தது. அதன் நாயகி லூயிஸ் புரூக்ஸின் ரசிகர்கள் மன்னிக்கவும்.

மாடி அறை மின்விசிறி இன்னும் பழுதுபார்க்கப்படவில்லை. கட்டட உரிமையாளருக்கு மீண்டும் கடிதம் போட்டிருக்கிறோம். கீபோர்டு வாசித்த தம்பிக்குப் பேருந்துக் கட்டணம்கூட நாம் கொடுக்கவில்லை. வரும் ஆண்டு முதல் இசைக்கலைஞருக்கு மதிப்பூதியம் வழங்க, உறுப்பினர் சந்தாவை 300 ரூபாயிலிருந்து 400 ரூபாயாக உயர்த்தும் தீர்மானத்தை முன்மொழிகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்