செட்டை மாற்றும் முன் கம்பியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரில் பாட்டு நின்றுவிட்டால், 'செட் போய்விட்டது, புதிது போட்டுவிடலாம்' என்று பார்த்த மாத்திரத்திலேயே தீர்ப்புச் சொல்லும் பழக்கம் எங்கள் தொழிலில் வேரூன்றிவிட்டது. கார் ஒலிச் சாதனங்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதுமாக இருப்பவன் என்ற முறையில், இப்பழக்கம் வாடிக்கையாளரின் பணத்தைக் கரைப்பதோடு, பல நேரங்களில் பழுதையும் அப்படியே விட்டுவிடுகிறது என்பதைத் தங்கள் நாளிதழ் வழியே சொல்ல விரும்புகிறேன். செட்டின் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை கெடுவதைவிட, அதற்கு வெளியே இருக்கும் ஃப்யூஸ், எர்த் (காரின் உலோக உடலோடு சேரும் இணைப்பு), மற்ற இணைப்புகள், ஸ்பீக்கர் கம்பி ஆகியவை கெடுவதையே நான் அதிகம் பார்க்கிறேன்.

தனியாக வாங்கிப் பொருத்தும் செட்களில் பொதுவாக மஞ்சள் கம்பிக்கு எந்நேரமும் 12 வோல்ட் வர வேண்டும், சிவப்புக்குச் சாவியைத் திருப்பிய பிறகே வர வேண்டும், கறுப்பு எர்த். செட் உயிரற்றுக் கிடந்தால் முதலில் பார்க்க வேண்டியவை இம்மூன்றும், செட்டின் முதுகிலும் காரின் ஃப்யூஸ் பெட்டியிலும் உள்ள ஃப்யூஸ்களும்தான். வண்டியை அணைக்கும்போதெல்லாம் கடிகாரமும் வானொலி நிலையங்களும் அழிந்துபோனால், பெரும்பாலும் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கும், அல்லது மஞ்சளுக்கு நிரந்தர மின்சாரம் தராமல் அதைச் சிவப்போடு சேர்த்து முறுக்கியிருப்பார்கள். சிவப்பையும் நிரந்தர மின்சாரத்தில் இணைத்துவிட்டால் நேர்மாறாக, செட்டை மறந்து அணைக்காமல் விட்ட இரவில் பேட்டரி இறங்கிவிடும். இந்த நிறக் கணக்கு செட்டின் பக்கத்துக்கு மட்டுமே பொருந்தும். காரின் பக்கத்துக் கம்பிகளின் நிறம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும் என்பதால், மல்டிமீட்டரில் அளக்காமல் நிறத்தை நம்பி முறுக்குவது ஆபத்து.

ஒரு ஸ்பீக்கர் மட்டும் பாடவில்லையா? செட்டின் பின்னால் இடப்பக்க, வலப்பக்கக் கம்பிகளை மாற்றி இணைத்துப் பாருங்கள். அதே ஸ்பீக்கர் தொடர்ந்து ஊமையாக இருந்தால் குறை கம்பியிலோ ஸ்பீக்கரிலோ இருக்கிறது. மௌனம் அடுத்த ஸ்பீக்கருக்குத் தாவினால்தான் செட்டைச் சந்தேகிக்க வேண்டும். செட் பக்கம் கழற்றிய ஸ்பீக்கர் கம்பிகளில் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை ஒரு கணம் தொட்டு எடுத்தால், நல்ல ஸ்பீக்கர் 'டப்' என்று குரல் கொடுக்கும். 4 ஓம் (மின்தடையின் அளவு) ஸ்பீக்கரை மீட்டரில் அளந்தால் 3-க்கும் 4-க்கும் இடையே காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. கதவைத் திறந்து மூடும்போது பாட்டு வந்து வந்து போனால், கதவுக்கும் தூணுக்கும் இடையே உள்ள ரப்பர் குழாயை விலக்கி, உள்ளே ஓடும் கம்பிகளைப் பாருங்கள். கம்பியின் மேலுறை பழுதின்றித் தெரியும். விரலால் மெல்ல இழுத்தால் ஓரிடத்தில் மட்டும் அது ரப்பரைப் போல நீளும். உள்ளே செம்பு அறுந்துபோன இடம் அதுவே.

எல்லா ஸ்பீக்கரும் பாடியும் கனத்த ஒலி மட்டும் காணவில்லை என்றால், ஒலியை இடம், வலம் எனப் பங்கிடும் பேலன்ஸை முழுவதுமாக ஒரு பக்கம் தள்ளிக் கேளுங்கள். அப்போது கனம் திரும்பினால் ஒரு ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் தலைகீழாக இணைக்கப்பட்டிருக்கிறது. ஒரு கூம்பு வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுப்பதால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இதைக் கவனிக்காமல், கனத்த ஒலிக்கென்றே உள்ள சப்-ஊஃபரை விற்றுவிடும் கடைகள் உண்டு.

அதிகம் ஏமாற்றம் தருவது, எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் 'வீய்ங்' என்ற இரைச்சல். இதற்கு இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு வேலை முடிந்ததாகச் சொல்லிவிடுகிறார்கள். இரைச்சலின் பிறப்பிடம் பெரும்பாலும் எர்த்தில் இருக்கிறது: செட் ஓரிடத்திலும், ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் வேறோரிடத்திலும் எர்த் எடுத்து, அவ்விரண்டு இடங்களுக்கும் இடையே சிறு மின்னழுத்த வேறுபாடு இருந்தால், எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் மின்னதிர்வு, செட்டிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டைக் கொண்டு போகும் ஆர்சிஏ கம்பியின் வழியே பாட்டோடு கலந்துவிடும். வண்டியை அணைத்து, ஆம்ப்ளிஃபயரில் ஆர்சிஏ கம்பிகளைக் கழற்றிவிட்டு மீண்டும் இயக்குங்கள். இரைச்சல் அப்போதும் இருந்தால் ஆம்ப்ளிஃபயரின் மின்சாரம், எர்த் அல்லது ஸ்பீக்கர் கம்பியின் பக்கம் பார்க்க வேண்டும். நின்றுவிட்டால் குறை ஆர்சிஏ வரும் பாதையிலோ செட்டின் எர்த்திலோ இருக்கிறது. எர்த் திருகு பெயின்ட்டின் மேல் உட்காரக் கூடாது. உலோகம் பளபளக்கும் வரை சுரண்டி, குட்டையான, தடித்த கம்பியால் இறுக்க வேண்டும். மின்கம்பியையும் ஆர்சிஏ கம்பியையும் ஒன்றாகக் கட்டி இழுக்காமல் காரின் இருபுறமாகக் கொண்டு போவது நல்லது. அப்படியும் அடங்காத இரைச்சலுக்கு மட்டும் ஃபில்டரை வைத்துக்கொள்ளலாம்.

எஃப்எம் மட்டும் கரகரத்தால், சிகரெட் லைட்டர் துளையில் செருகிய சார்ஜரையும் பின்னர் பொருத்திய கேமராவையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். பாதி வழக்கு அங்கேயே முடியும். ஆம்ப்ளிஃபயர் அடிக்கடி 'புரொடெக்ட்' விளக்கைக் காட்டினால் அதைத் திட்ட வேண்டாம், அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது: ஸ்பீக்கர் கம்பி காரின் உடலில் உரசுகிறதா, 4 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டைப் பக்க இணைப்பில் போட்டு 2 ஓம் தாங்காத ஆம்ப்ளிஃபயரில் மாட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

கை வைத்தியம் செய்பவர்களுக்கு மூன்று எச்சரிக்கைகளை அழுத்திச் சொல்ல வேண்டும். ஃப்யூஸ் அடிக்கடி போகிறதென்று அலுமினியத் தாளைச் சுற்றுவதோ பெரிய ஃப்யூஸைப் போடுவதோ கம்பியையே தீப்பிடிக்க வைக்கும். இன்றைய செட்களில் ஸ்பீக்கர் மைனஸை காரின் உடலில் இணைத்தால், நன்றாக இருந்த செட்டும் உண்மையிலேயே போய்விடக்கூடும். டாஷ்போர்டுக்குள் மஞ்சள் உறையோ மஞ்சள் இணைப்பானோ கொண்ட கம்பித் தொகுதி பெரும்பாலும் ஏர்பேக்குக்கு உரியது. அதில் மீட்டரையோ சோதனை விளக்கையோ வைக்கவே கூடாது.

செட்டைப் பொருத்தும் கடைகள் எந்தக் கம்பியை எங்கே இணைத்தோம், எர்த் எங்கே எடுத்தோம், எத்தனை ஆம்பியர் ஃப்யூஸ் போட்டோம் என்பதை ஒரு தாளில் எழுதி ரசீதோடு தர வேண்டும். வாடிக்கையாளர்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். அந்தத் தாள் கையில் இருந்தால் அடுத்துப் பார்ப்பவர் டாஷ்போர்டு முழுவதையும் பிரிக்க வேண்டியிராது.

இப்படிக்கு,
கார் ஒலிச் சாதனப் பழுது பார்க்கும் வாசகர்