பங்குனி ஆமையும் பத்தாம் வகுப்பும்

சென்னை,
7.3.2025

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, திட்டாதே. திருப்புதல் தேர்வுத் தாளும், எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரங்களை ஏற்றுகிற வேலையும் மாற்றி மாற்றிப் பிழிகின்றன. "சம்பளத்துக்குச் செய்கிற வேலையே முதுகை ஒடிக்குது, நடுராத்திரியில் கடற்கரையில் உனக்கென்ன வேலை?" என்று கேட்டிருந்தாய். என் வீட்டுக்காரரும் அதையேதான் கேட்கிறார், கொஞ்சம் சத்தமாக.

ஜனவரியிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் ஆமை நடைக்குப் போகிறேன். 1988 முதல் மாணவர்களே நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்புக் குழு அது. நள்ளிரவில் நீலாங்கரையில் கிளம்பி, கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாகப் பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர்போல மணலில் நடை. பங்குனி ஆமை முட்டையிட்ட இடத்தைக் கண்டுபிடித்து, நாய் கிளறுவதற்குள் பொரிப்பகத்தில் சேர்க்க வேண்டும். இந்த வருடம் ஆரம்பத்தில் முட்டையைவிடச் செத்த ஆமைகளைத்தான் அதிகம் பார்த்தோம். சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. இழுவலையில் மாட்டினால் மேலே வந்து மூச்சுவிட முடியாமல் மூழ்கிப் போகின்றன. 'ஊர்வன நுரையீரலால் சுவாசிக்கும்' என்பதை எத்தனை வருடம் ஒரு மதிப்பெண் வினாவாகக் கேட்டிருப்பேன்!

பிப்ரவரியில் ஒரு ராத்திரி, டிராக்டர் போன மாதிரி ஒரு தடம். ஆமை கடலுக்குத் திரும்பிவிட்டிருந்தது. எங்களைக் கூட்டிப்போனவன் இன்ஜினியரிங் இரண்டாம் வருடப் பையன். "நீங்க தேடுங்கக்கா" என்று, மணலைக் குத்தி முட்டைக்குழியைத் தேடும் குச்சியை என்னிடம் நீட்டினான். டீச்சர் என்று சொல்லாமல் அக்கா என்றது கொஞ்சம் சுருக்கென்றது, உன்னிடம் ஒளிப்பானேன். இரண்டு இடத்தில் குத்தினேன், கெட்டி மணல். மூன்றாவதும் தப்பு. அவன் வாயே திறக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து ஓரிடத்தில் குச்சி சட்டென்று இறங்கியது. முழங்கை வரை கையை விட்டுத் துழாவினால், விரல் நுனியில் ஈரமாக, பிங்பாங் பந்து மாதிரி ஒன்று. மொத்தம் 112. புரட்டாமல், இருந்த வாக்கிலேயே எடுத்துப் பைக்குள் வைத்தோம்.

இடம் அவனுக்கு முதலிலேயே தெரியுமாம்! "நீங்களே கண்டுபிடிச்சா நல்லாருக்கும்னு விட்டுட்டேன்" என்றான்.

பி.எட்.டில் மேரி பட் ரோ என்று ஒரு பெயரை உருப்போட்டோமே, நினைவிருக்கிறதா? கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள், மூன்று நொடி பொறுத்தாலே பதில்கள் மேம்படும் என்று 1970களில் எழுதியவர். பரீட்சை முடிந்ததும் மறந்தாயிற்று. மறு திங்கட்கிழமை பத்தாம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் ஐந்து வரை எண்ணினேன். மிஸ்ஸுக்கு உடம்பு சரியில்லையோ என்று வகுப்பே பயந்துவிட்டது. நாலு எண்ணும்போது கடைசி பெஞ்சிலிருந்து, வருடம் முழுக்கப் பேசாத பெண் பதில் சொன்னாள். தப்பான பதில்தான். ஆனால் யோசித்துச் சொன்ன தப்பு.

அப்புறம் இன்னொன்று. ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது மணலின் சூடு. சூடு கூடினால் பெண். இருபத்துநாலு வருடமாகக் கரும்பலகையில் ஆண், பெண்ணைத் தீர்மானிக்கும் எக்ஸ், ஒய் குரோமோசோம்களை வரைந்து, உலகத்துக்கே இதுதான் விதி என்பதுபோலக் கையைத் தட்டிக்கொண்டு போனவள் நான்.

எல்லாருக்கும் ஒத்துவரும் என்று சொல்லமாட்டேன். சனிக்கிழமை முழுக்கத் தூங்கி வழிகிறேன், முழங்கால் வலி வேறு. நாளைக்கே இதற்கு ஒரு சுற்றறிக்கை போட்டு, புகைப்படத்தோடு பதிவேற்று என்றால் அன்றைக்கே நின்றுவிடுவேன்.

சரி, புதுக்கோட்டைக்காரி நீ இதைக் கேட்கலாமா? 1991இல் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, உன் அம்மா பகலில் பள்ளிக்கூடம், ராத்திரியில் கல்குவாரிப் பெண்களுக்கு எழுத்து என்று அலைந்தார்களே. அந்தப் பெண்களோடு சேர்ந்து தானும் சைக்கிள் பழகி, விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டதைச் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். சம்பளமில்லாத அந்த அலைச்சலில் என்ன கிடைத்தது என்று அம்மாவிடமே கேட்டு எனக்கும் எழுது.

நாங்கள் எடுத்த முட்டைகள் இந்த மாதக் கடைசியில் பொரியும். 28ஆம் தேதி பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தொடங்குவதற்குள் ஒரு நாள் பிள்ளைகளோடு வா. இருட்டத் தொடங்கும்போது குஞ்சுகளைக் கடலோரம் விடுவோம். டார்ச் எடுத்து வராதே, வெளிச்சத்தைக் கண்டால் கடலை விட்டுவிட்டு நம் பக்கம் திரும்பிவிடும்.

அன்புடன்,
மல்லிகா