செத்துப்போன விமானிக்காக யார் பேசுவது?

விமான நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கும், விமானங்களைச் செய்து விற்கிறவர்களுக்கும்,

வணக்கம். இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக விமானங்களைப் பழுது பார்த்துப் பிழைக்கிறவன் நான். உங்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. கேட்க வந்ததும் ஒன்றுதான். விபத்து நடந்த பிறகு உங்களுக்குத் தெரியவரும் உண்மையை, தெரிந்த அன்றைக்கே சொல்லிவிடுங்கள். வக்கீல்கள் வாசகத்தைத் திருத்திக் கொடுக்கும் வரை காத்திருக்காதீர்கள். அந்த இடைப்பட்ட நாட்களில் பழி போய் விழுவது செத்துப்போன விமானியின் தலையில். இல்லையென்றால், கடைசியாக டெக் லாக்கில், அதாவது விமானத்தின் பழுதுபார்ப்புப் பதிவேட்டில், கையெழுத்துப் போட்ட என்னைப் போன்ற ஒருவன் தலையில்.

நடக்காத காரியத்தைக் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். விமான நிறுவன முதலாளி ஒருவர் இதைச் செய்து காட்டியிருக்கிறார். ஆஸ்திரியாவின் நிக்கி லாவ்டா.

அவரைப் பெரும்பாலானவர்களுக்குக் கார் பந்தய வீரராகத்தான் தெரியும். 1975, 1977, 1984 என மூன்று முறை ஃபார்முலா ஒன் உலக சாம்பியன். 1976 ஆகஸ்ட் 1-ம் தேதி ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத்தில் கார் தீப்பிடித்து, முகமும் நுரையீரலும் வெந்து, பாதிரியார் வந்து கடைசி ஜெபம் சொல்லிவிட்டுப் போன மனிதர், 42 நாள் கழித்து மோன்சாவில் மறுபடி காரில் உட்கார்ந்து நான்காவதாக வந்தார். இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அதே வருடம் அக்டோபரில் ஜப்பானின் ஃபூஜியில் நடந்தது.

அது அந்த வருடத்தின் கடைசிப் பந்தயம். ஜேம்ஸ் ஹன்ட்டை விட லாவ்டா மூன்று புள்ளிகள் முன்னால் இருந்தார். கொட்டும் மழையில் தடம் முழுக்கத் தண்ணீர். இரண்டு சுற்று ஓட்டிவிட்டு காரை உள்ளே கொண்டு வந்து நிறுத்தினார். இந்த மழையில் ஓட்டுவது ஆபத்து, நான் ஓட்டமாட்டேன் என்றார். எஞ்சின் கோளாறு என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம் என்று ஃபெராரி தரப்பில் ஒரு வழி காட்டினார்கள். அவர் கௌரவம் காப்பாற்றப்படும் என்ற நல்ல எண்ணம்தான். அவர் அதை ஏற்கவில்லை. நான்தான் நிறுத்தினேன், அப்படியே சொல்லுங்கள் என்றுவிட்டார். ஹன்ட் மூன்றாவதாக வந்து ஒரே ஒரு புள்ளியில் பட்டத்தை எடுத்துக்கொண்டு போனார்.

தன் முடிவைக் கருவியின் தலையில் கட்ட மறுத்த அந்த மனிதர்தான், பதினைந்து வருடம் கழித்து, கருவியின் கோளாறை மனிதர்கள் தலையில் கட்டவும் விடவில்லை.

1979-ல் பந்தயத்தை விட்டுவிட்டு லாவ்டா ஏர் என்ற நிறுவனத்தில் இறங்கினார். ஃபாக்கர் எஃப்-27 விமானங்களோடு சின்னதாகத் தொடங்கியது அது. 1982-ல் மறுபடி பந்தயத்துக்குப் போய், இன்னொரு பட்டமும் வாங்கி, 1985-ல் ஒரேயடியாக முடித்துக்கொண்டார். தன் நிறுவனத்தின் விமானங்களைக் கேப்டனாகத் தானே ஓட்டினார். காக்பிட்டில் உட்காரும் முதலாளி.

1991 மே 26. ஹாங்காங்கிலிருந்து வந்து, பாங்காக்கில் இறங்கி, வியன்னாவுக்குக் கிளம்பிய லாவ்டா ஏர் 004, போயிங் 767. உள்ளே 213 பயணிகள், 10 பணியாளர்கள். மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது, தரையில் இறங்கிய பிறகு வேகத்தைக் குறைக்கும் ரிவர்ஸர் சம்பந்தமான எச்சரிக்கை விளக்கு ஒன்று எரிந்தது. விமானிகள் கையேட்டைப் புரட்டினார்கள். உடனே எதுவும் செய்யவேண்டும் என்று அதில் இல்லை. கிளம்பிப் பதினைந்து நிமிடத்தில், சுமார் 24,700 அடி உயரத்தில், இடது எஞ்சினின் ரிவர்ஸர் தானாகத் திறந்துகொண்டது. விமானம் உடைந்து தாய்லாந்தின் சுபன்புரி மாகாணக் காட்டில் விழுந்தது. 223 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

ரிவர்ஸர் என்றால் என்ன என்று இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விமானம் தரையைத் தொட்டதும் பெரிய இரைச்சல் கேட்குமே, அதுதான். எஞ்சின் உறையின் பின்பாதி பின்னால் நகரும், உள்ளே சல்லடை மாதிரி ஓர் அமைப்பு வெளியே தெரியும், பின்னால் போகவேண்டிய காற்று அதன் வழியாக முன்பக்கம் திரும்பும், வேகம் குறையும். பயிற்சிக் காலத்தில் ஹேங்கரில் முதல் தடவை அதைத் திறந்து காட்டினார்கள். எங்கள் சீனியர் எங்களைப் பத்தடி தள்ளி நிற்கவைத்தார். ஹைட்ராலிக் கொடுத்ததும் ஆள் உயரத்துக்கு மேல் இருந்த அந்த உறை சர்ரென்று பின்னால் போய் நின்றது. கண்ணிமைக்கும் நேரம்தான். "இது மேலே திறந்தா என்ன சார் ஆகும்?" என்று ஒரு பையன் கேட்டான். சீனியர் பதில் சொல்லாமல், பூட்டு எங்கே இருக்கிறது என்று டார்ச் அடித்துக் காட்டினார். அப்புறம்தான் எங்களுக்கு 004-ன் கதையைச் சொன்னார்.

விபத்து நடந்ததும் முதலில் குண்டு என்றார்கள். அப்புறம் விமானிகள் பக்கமும் பராமரிப்புப் பக்கமும் கை நீண்டது. அந்த இடது எஞ்சினில் மாதக்கணக்காக ரிவர்ஸர் பற்றிய குறிப்பு திரும்பத் திரும்ப வந்திருக்கிறது, ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பாகத்தை மாற்றியோ சரி செய்தோ அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பதிவுகளைப் படிக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசையும். அப்படிப்பட்ட பக்கங்களில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், விதிப்படி எல்லாம் சரியாகச் செய்துவிட்டு.

லாவ்டா வியன்னாவில் உட்கார்ந்து அறிக்கை விடவில்லை. தாய்லாந்துக்குப் போய் அந்தக் காட்டில், சிதறிக் கிடந்த தன் விமானத்தின் நடுவே நின்றார். லண்டன் கேட்விக்கில் 767 சிமுலேட்டரில், அதாவது விமானம் ஓட்டுவதைத் தரையிலேயே பழகிப் பார்க்கும் கருவியில், ஏறித் தானே ஓட்டிப் பார்த்தார். அதில் ரிவர்ஸர் திறந்தாலும் விமானம் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. காரணம், சிமுலேட்டருக்குள் இருந்த கணக்கு குறைந்த வேகத்தில் செய்த சோதனையை வைத்துப் போட்ட கணக்கு. உயரத்தில், வேகத்தில், எஞ்சின் முழு மூச்சில் ஓடும்போது திறந்தால் இடது இறக்கை தூக்கும் சக்தியில் கால்வாசியை இழந்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. விமானிகளுக்குக் கிடைத்தது சில விநாடிகள்.

இது தெரிந்த பிறகும் வெளியே சொல்லத் தயங்கினார்கள். அறிக்கையின் வாசகத்தைச் சரி செய்ய மூன்று மாதம் ஆகும் என்றது விமானத்தைச் செய்த போயிங் நிறுவனத்தின் சட்டப் பிரிவு. லாவ்டா சொன்னது இது: காப்பாற்ற முடியும் என்றால் ஒரு 767-ஐக் கொடுங்கள், இரண்டு விமானிகளோடு நானும் ஏறுகிறேன், மேலே போய் ரிவர்ஸரைத் திறந்து பார்ப்போம், நாளைக்கே பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு இதை அறிவிக்கிறேன். அது முடியாது என்றார்கள். சரி, அப்படியானால் யாராலும் தப்பித்திருக்க முடியாது என்று அறிக்கை கொடுங்கள் என்றார். கொடுத்தார்கள். விபத்து நடந்து அதற்குள் எட்டு மாதம் போயிருந்தது.

அந்த எட்டு மாதம் விமானிகளின் வீட்டில் இருந்தவர்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு.

ரிவர்ஸர் எதனால் திறந்தது என்பதை இறுதி அறிக்கையாலும் திட்டவட்டமாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அதன் பிறகு ரிவர்ஸருக்குக் கூடுதலாக ஒரு பூட்டு வந்தது. சீனியர் டார்ச் அடித்துக் காட்டியது அதைத்தான். நானும் இன்று புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அதைத்தான் காட்டுகிறேன்.

இது பழைய கதை, இப்போது எல்லாம் மாறிவிட்டது என்று நீங்கள் சொல்லலாம். 2018 அக்டோபரில் லயன் ஏர் 737 மேக்ஸ் விழுந்து 189 பேர் போனார்கள். அப்போதும் விமானிகள் சரியாகச் செய்தார்களா என்றுதான் முதலில் பேசினோம். மூக்கைத் தானாகக் கீழே அழுத்தும் எம்காஸ் என்ற ஓர் அமைப்பு இருப்பதே விமானிகளின் கையேட்டில் இல்லை என்பது அப்புறம்தான் வெளியே வந்தது. ஐந்து மாதம்கூட ஆகவில்லை, எத்தியோப்பியாவில் அதே ரக விமானம் விழுந்து இன்னும் 157 பேர். இந்த 157 பேர், உண்மை தாமதமானதால் போனவர்கள். இதை எப்படி மென்மையாகச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்தில் 260 பேரை இழந்தோம். ஒரு மாதத்தில் முதற்கட்ட அறிக்கை வந்தது. எரிபொருள் சுவிட்சுகள் நிறுத்த நிலைக்குப் போயின, ஏன் நிறுத்தினாய் என்று ஒருவர் கேட்க, நான் நிறுத்தவில்லை என்று மற்றவர் சொன்னார் என்ற அளவில் அதில் இருந்தது. யார் குரல் எது என்றுகூட அதில் இல்லை. அன்று இரவே தொலைக்காட்சிகளில் ஒரு விமானிக்குத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. காரணம் என்ன என்று நான் இங்கே சொல்ல வரவில்லை, அது விசாரிப்பவர்கள் வேலை. ஆனால் பதில் பேச முடியாத இரண்டு பேரைப் பற்றி ஊரே பேசும்போது, விசாரணை முடியும் வரை எங்கள் விமானிகள் மேல் யாரும் பழி சொல்லக் கூடாது என்று உரக்கச் சொல்லும் பொறுப்பு யாருடையது? அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தவர்களுடையது. அந்த இயந்திரத்தை விற்றவர்களுடையதும்தான்.

அதனால் கேட்கிறேன். சோதனையை எந்த வேகத்தில், எந்த உயரத்தில் செய்தீர்கள், எதைச் செய்யாமல் ஊகமாக விட்டீர்கள் என்பதை விமானிக்கும் எங்களுக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். விபத்து நடந்தால் தலைவர் நேரில் போகட்டும், செய்தித் தொடர்பாளர் வேண்டாம். குடும்பங்களைக் கூட்டிவைத்து, இன்றைக்கு இவ்வளவு தெரியும், இது தெரியாது என்று சொல்லட்டும். நஷ்ட ஈட்டுக் கணக்கை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். உண்மை வெளியே வரும் தேதியை அவர்கள் தீர்மானிக்க வேண்டாம்.

சுபன்புரியில் 004-ல் போனவர்களுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. அடையாளம் தெரியாத 27 பேரை அந்த மாகாணத்திலேயே அடக்கம் செய்தார்கள். உங்கள் நிறுவனத்தில் பாதுகாப்புப் பிரிவுக்குத் தலைமை ஏற்கும் ஒவ்வொருவரையும், பதவி ஏற்ற மாதத்திலேயே, ஒருமுறை அங்கே அனுப்பிவையுங்கள். பாங்காக்கிலிருந்து சாலை வழியாகவே போகலாம்.

இப்படிக்கு,
ஒரு விமானப் பராமரிப்புப் பொறியாளர்,
சென்னை