வீட்டுப் பேச்சை நிறுத்திவிடாதீர்கள்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி,
வேப்பனப்பள்ளி ஒன்றியம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

அன்புள்ள பெற்றோருக்கும், பகலெல்லாம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு வந்த அம்மாக்களில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "டீச்சர், வீட்ல நாங்க தெலுங்கு பேசறோம். இனிமே தமிழ்லயே பேசணுமா, இல்ல இங்கிலீஷ்ல பேசிப் பழக்கணுமா?" கன்னடம் பேசுகிறவர்களும் உருது பேசுகிறவர்களும் இதையே கேட்டீர்கள். கேட்டவர்களுக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டேன். கேட்கத் தயங்கிப் போனவர்களுக்கும், இடுப்பில் அடுத்த பிள்ளையை வைத்திருப்பவர்களுக்கும் அது போய்ச் சேரட்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

எந்த மொழி உங்கள் வாயில் தடையில்லாமல் வருகிறதோ அதிலேயே பேசுங்கள். கோபம் வந்தால் எந்த மொழியில் திட்டுவீர்களோ, காய்ச்சல் கண்ட பிள்ளையை எந்த மொழியில் கொஞ்சுவீர்களோ, அந்த மொழிதான். பழக்கமில்லாத மொழியில் பேச ஆரம்பித்தால் வா, உட்கார், சாப்பிடு, தொடாதே என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பிள்ளைக்குக் கிடைப்பது ஏவல் மட்டுமே. நேற்று நடந்தது, நாளைக்கு நடக்கப்போவது, மாமா ஏன் கோபித்துக்கொண்டு போனார், மழை வந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் உங்கள் சொந்தப் பேச்சில்தான் உங்களால் சொல்ல முடியும். பிள்ளைக்கு வேண்டியது அதுதான்.

வீட்டு மாடு கன்று போட்டதைத் தெலுங்கில் முழுசாகச் சொல்லத் தெரிந்த பிள்ளையைப் பற்றி எங்களுக்குக் கவலையே இல்லை. எது முதலில் நடந்தது, எது பிறகு, ஏன் என்று கோத்துச் சொல்லும் திறமை அதற்கு வந்துவிட்டது. தமிழ்ச் சொற்களை நாங்கள் கொடுத்துவிடுவோம். பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் எங்களைவிட வேகமாகக் கொடுத்துவிடுவார்கள். நிறங்களை இங்கிலீஷில் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, "காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்டால் திருதிருவென்று முழிக்கிற பிள்ளையோடுதான் எங்கள் பாடு பெரும்பாடு. 2022-இலிருந்து ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பாட்டு, கதை, படம் எல்லாம் வைத்துத்தான் வாசிக்கச் சொல்லித்தருகிறோம். ஆனால் காதால் நிறையக் கேட்டு வாயால் நிறையப் பேசியிருக்கிற பிள்ளைக்குத்தான் எழுத்துக்கூட்டிப் படித்தது பொருளாக மனதில் நிற்கிறது.

"பேச நேரம் எங்க இருக்கு?" என்று நீங்கள் கேட்பது எனக்குத் தெரியும். இருட்டோடு எழுந்து ஓசூர் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற அம்மாவிடம் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கு என்று சொல்ல எனக்கு மனம் வராது, தேவையும் இல்லை. செய்கிற வேலையை வாய்விட்டுச் சொன்னாலே போதும். களி கிண்டும்போது, "தண்ணி கொதிக்குது பாரு, மாவு கொட்டறேன், கட்டி விழாம கிளறணும், ஆவி வருது, தள்ளி நில்லு" என்று சொல்லிக்கொண்டே கிண்டுங்கள். மாசி பங்குனியில் வாசலில் உட்கார்ந்து புளி தட்டும்போது பிள்ளை எப்படியும் பக்கத்தில்தான் இருக்கும். ஓடு ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம், நார் ஒரு பக்கம் என்று பிரிக்கிற அந்த வேலையில் பெரிது, சிறிது, உள்ளே, வெளியே, ஒட்டிக்கொண்டது, உடைந்தது என்று எத்தனை சொல் வந்துபோகிறது! நாங்கள் அட்டை செய்து ஒட்டிக் கற்றுத்தருவதும் இதையேதான். கொட்டையை மட்டும் சின்னப் பிள்ளை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று கேட்டால், பதில் வரும்வரை கொஞ்சம் பொறுங்கள். சின்னப் பிள்ளைக்குச் சொல் தேடி எடுக்க நேரமாகும். நாம் அதற்குள் நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம். மூன்று மாதக் குழந்தை "ங்கா" என்றால் நீங்களும் "ங்கா" என்று சொல்லிவிட்டு அதன் முகத்தையே பாருங்கள், மறுபடி வாய் திறக்கும். வயிற்றில் இருக்கும் கடைசி மாதங்களிலேயே குழந்தைக்கு அம்மாவின் குரல் கேட்கிறது. பிறந்த மூன்று நாளுக்குள்ளேயே வேறு பெண்ணின் குரலைவிட அம்மா குரலைத்தான் அது விரும்பிக் கேட்கிறது என்று 1980-லேயே ஆய்ந்து காட்டியிருக்கிறார்கள். பாட்டிமார் குரலை உயர்த்தி, இழுத்து இழுத்துக் கொஞ்சுவதை நாகரிகமில்லை என்று தடுக்காதீர்கள். அப்படிப் பேசினால்தான் கைக்குழந்தை நன்றாகக் கவனிக்கிறது.

மூன்று வயதுப் பிள்ளை "லயிலு" என்றால் சிரித்துக் கேலி செய்ய வேண்டாம். "ஆமா, ரயிலு போகுது, எவ்வளவு நீளம் பாரு" என்று சரியான சொல்லை உங்கள் பேச்சில் போட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும். ர, ற, ழ எல்லாம் மெதுவாகத்தான் வரும்.

அடுத்தது போன். சோறு ஊட்டும்போது கையில் போனைக் கொடுத்தால் வாய் சீக்கிரம் திறக்கிறது, உண்மைதான். ஆனால் பிள்ளையும் நீங்களும் எதிரெதிரே உட்காரும் நேரமே அது ஒன்றுதான். அதையும் போனுக்குக் கொடுத்துவிட்டால் எப்படி? 2003-இல் அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீன மொழி பேசுகிறவர்களை உட்காரவைத்து விளையாடிப் பேசச் செய்தார்கள். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள் பேசியதை வீடியோவில் மட்டும் பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை. இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் அப்பா வீடியோ காலில் பேசுவது வேறு. அவர் பிள்ளை சொன்னதைக் கேட்டுப் பதில் சொல்கிறாரே!

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, மழலையே இல்லை. ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூட வரவில்லை. இரண்டு வயது முடிந்தும் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை. அல்லது பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டது என்றால் காத்திருக்காதீர்கள். ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும், வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் இப்படி ஆகிறது என்றெல்லாம் யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். இரண்டு மொழியால் பேச்சு நின்றுபோவதில்லை. நாக்கில் வசம்பு தடவுவதாலும் பேச்சு வராது. ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது ஆபத்து. காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள்; சீழ் வடிந்தால் கட்டாயம் மருத்துவரிடம் காட்டுங்கள். முதலில் பார்க்க வேண்டியது பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்பதைத்தான். கிராம சுகாதாரச் செவிலியரிடமோ, அங்கன்வாடிக்கு வரும் அரசு மருத்துவக் குழுவிடமோ சொல்லுங்கள். இல்லையென்றால் நேராக கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். காதுக்குள் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சைகூட முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு பிள்ளைகளுக்குச் செய்கிறார்கள். ஆனால் எவ்வளவு சீக்கிரம் செய்கிறோமோ அவ்வளவு பலன்.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கடிதத்தை வீட்டில் கொடுத்துவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. வண்டியில் முன்னால் உட்காரவைத்துக் கடைக்குக் கூட்டிப்போகிற நேரமும் பேசுகிற நேரம்தான்.

இந்த ஆண்டு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்குக் கதை நேரமாக வைத்திருக்கிறோம். கதை சொல்ல வீட்டுப் பெரியவர்கள் வரலாம். தெலுங்கோ கன்னடமோ உருதுவோ, எந்த மொழியில் சொன்னாலும் சரி. நாங்கள் பக்கத்தில் இருந்து தமிழில் சேர்த்துச் சொல்கிறோம். படிக்கத் தெரியாது என்று கூச்சப்பட வேண்டாம். வர விரும்புகிறவர்கள் வகுப்பு ஆசிரியையிடம் பெயர் கொடுக்கவும். பேய்க் கதை மட்டும் வேண்டாம், மறுநாள் பிள்ளைகள் தனியாகக் கழிப்பறைக்குப் போக மறுக்கிறார்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை