கர்ப்பத்தில் வந்த காய்ச்சலையும் அட்டையில் எழுதுங்கள்

சென்னை மாநகர நல அலுவலர் அவர்களுக்கும், வடசென்னை மண்டலங்களின் நல அலுவலர்களுக்கும் வணக்கம்.

கொருக்குப்பேட்டையில், காது கேளாத பிள்ளைகளுக்கும் பேச்சு வராத பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுப்பவள் நான். தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி என்று பல பக்கங்களிலிருந்தும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பெரும்பாலும் மூன்று வயது தாண்டித்தான் வருகிறார்கள். 'இவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசுனான்' என்று பாட்டி சொன்னதில் ஒரு வருஷம் போயிருக்கும், 'பால்வாடிக்குப் போனா சரியாயிடும்' என்பதில் இன்னொரு வருஷம்.

நான் முதலில் அம்மாவிடம் கேட்பது, வயிற்றில் பிள்ளை இருந்தபோது காய்ச்சல் ஏதாவது வந்ததா என்று. சிலர் யோசித்துவிட்டுச் சொல்வார்கள்: 'ரெண்டாம் மாசமோ மூணாம் மாசமோ லேசா ஜுரம் அடிச்சுது. உடம்பெல்லாம் பொரிப்பொரியா வந்துச்சு. அம்மா போட்டிருக்குன்னு வேப்பிலை வெச்சுப் படுக்க வெச்சாங்க. தண்ணி ஊத்துனதும் சரியாப் போச்சு.' தாய் சேய் அட்டையை வாங்கிப் பார்த்தால் எடை, பிரஷர், சுகர், ரத்த அளவு, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் இருக்கும். இந்தக் காய்ச்சல் இருக்காது.

அப்படி வந்ததெல்லாம் ரூபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மை என்று நான் சொல்லவில்லை. அது எதுவென்று இப்போது யாராலும் சொல்ல முடியாது, என் புகாரே அதுதான். ரூபெல்லா அம்மாவுக்குச் சாதாரணக் காய்ச்சல்போல வந்து போய்விடும். முதல் 12 வாரத்துக்குள் வந்தால் சிசு பாதிக்கப்படும் வாய்ப்பு 90 சதவீதம் வரை. கண்ணில் புரை, இதயத்தில் கோளாறு, காது கேளாமை, சில பிள்ளைகளுக்கு மூளை வளர்ச்சியிலும் பின்னடைவு. 1941-இல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், புரையோடு பிறந்த பல குழந்தைகளின் அம்மாக்களுக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா வந்திருந்ததைக் கண்டுபிடித்தார். அம்மாக்களிடம் விசாரித்துத்தான் அது தெரிந்தது. நம் அட்டையில் அந்தக் கேள்விக்கு ஒரு வரி இடம் போதும்.

2017-இல் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது முதலில் இறங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 9 மாதம் முதல் 15 வயதுக்குள் இருந்தவர்களுக்குப் போட்டார்கள். அன்று பதினாறு, பதினேழு வயதில் இருந்த பெண்கள்தான் இன்று உங்கள் சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளாக வரிசையில் நிற்கிறார்கள். அவர்களில் பலருக்குச் சிறுவயதிலேயே நோய் வந்துபோய் எதிர்ப்புச் சக்தி இருக்கும், எல்லோருக்கும் இருக்காது. இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்த ஊசி என்பதால் கர்ப்பத்தில் போட முடியாது. பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும் முன் போடலாம், தாய்ப்பாலுக்குத் தடையில்லை. அடுத்த பிள்ளைக்காவது அது காவல்.

ரூபெல்லாவைவிட எனக்கு அதிகம் கவலை தருவது சைட்டோமெகலோவைரஸ். பெயர் வாயில் நுழையாது. ஆனால் பிறவித் தொற்றுகளில் இதுதான் உலகம் முழுக்க அதிகம். பரம்பரைக் காரணம் இல்லாத பிறவிக் காது கேளாமைக்கும் இதுவே முதல் காரணம். சின்னப் பிள்ளைகளின் எச்சில், சிறுநீர் வழியாகப் பரவும். மூத்த பிள்ளை மிச்சம் வைத்த சோற்றை வீணாக்காமல் தன் வாயில் போட்டுக்கொள்ளாத அம்மா நம் பக்கத்தில் உண்டா? நம் நாட்டில் பெரும்பாலான பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முன்பே இந்தத் தொற்று வந்திருக்கும். அது மறுபடி கிளம்பியோ, புதிதாக வேறு வகை தொற்றியோ சிசுவுக்குப் போகலாம். ஆகவே கையைக் கழுவச் சொல்லுங்கள், மிச்சச் சோறு வேண்டாம் என்று சொல்லுங்கள், ஆனால் அம்மாவைக் குற்றவாளி ஆக்காதீர்கள். கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்று வீட்டில் ஏற்கெனவே போதுமான அளவு ஏசிவிட்டார்கள்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்தத் தொற்றோடு பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்பது பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அப்படி நன்றாக இருப்பவற்றிலும் 10 முதல் 15 சதவீதத்துக்குப் பின்னால் காது கேட்காமல் போகிறது. பிறந்தவுடன் செய்த காது சோதனையில் தேறிய குழந்தை, ஒன்றரை வயதில் கேட்காமல் நிற்கலாம். 'அப்பவே டெஸ்ட் பண்ணி நல்லா இருக்குன்னாங்களே' என்று அட்டையைக் காட்டி அம்மாக்கள் என்னிடம் வாதாடுகிறார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான். தவிர, பிறவித் தொற்றா என்று உறுதி செய்ய மூன்று வாரத்துக்குள் சிறுநீரோ எச்சிலோ எடுத்துப் பார்க்க வேண்டும். மூன்று வயதில் என்னிடம் வந்தால் நான் எதைப் பார்ப்பது?

கொசுவைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. லாரித் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைக்கும் தெருக்களில் ஏடிஸ் கொசு எங்கே முட்டையிடும் என்று உங்கள் ஊழியர்களுக்கே நன்றாகத் தெரியும். ஆனால் பிரசவ நேரத்தில் அம்மாவுக்குச் சிக்குன்குனியா இருந்தால் ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்குத் தொற்றுகிறது என்று 2005–06-இல் ரீயூனியன் தீவில் பரவியபோது தெரியவந்தது. மூளை பாதித்த குழந்தைகளில் பலர் பின்னால் வளர்ச்சியில் பின்தங்கினார்கள். மாதம் நிறைந்த கர்ப்பிணி இருக்கும் வீட்டின் டிரம்முக்கு மூடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கொரோனா பற்றிக் கேட்பார்கள். 2020-இல் ராயபுரம் மண்டலம் பட்ட பாடு நினைவிருக்கும். நியூயார்க்கில் நடந்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, தொற்று வந்த அம்மாவின் பிள்ளைக்கும் வராத அம்மாவின் பிள்ளைக்கும் ஆறு மாத வயதில் வளர்ச்சியில் வேறுபாடு காணவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் பிறந்த எல்லாக் குழந்தைகளுமே, முன்பு பிறந்தவர்களைவிட உடல் அசைவிலும் பழகுவதிலும் கொஞ்சம் குறைவாக இருந்தார்கள். அதே ஆண்டு மசாசூசெட்ஸ் ஆய்வு, தொற்றுக்கும் முதல் வருட வளர்ச்சிக் குறைக்கும் தொடர்பு இருப்பதாகச் சொன்னது. முடிவு எதுவானாலும், வயிற்றில் இருந்தபோது என்ன நடந்தது என்ற குறிப்பு இல்லாமல் நம் ஊரில் அப்படி ஓர் ஆய்வு நடத்தவே முடியாது.

காய்ச்சல் கண்ட கர்ப்பிணிகளில் பெரும்பாலோருக்கு நல்ல பிள்ளைகளே பிறக்கின்றன. பயமுறுத்தச் சொல்லவில்லை, எழுதி வையுங்கள் என்கிறேன். ஒவ்வொரு செக்கப்பிலும் நர்சம்மா கேட்கட்டும்: ஜுரம் வந்துச்சா, பொரி வந்துச்சா, வீட்ல யாருக்காவது அம்மா போட்டுதா? எந்த மாதம் என்று குறிக்கட்டும். பிக்மி என்னும் கர்ப்பிணிப் பதிவு எண்ணோடு அந்தக் குறிப்பு குழந்தையின் பதிவுக்கும் போகட்டும். ஊசிக்காக 9-ஆம் மாதமும், பிறகு 16-ஆம் மாதத்துக்கும் 24-ஆம் மாதத்துக்கும் இடையிலும் அந்தக் குழந்தை எப்படியும் ஒரு புதன்கிழமை உங்களிடம் வரும். அன்றைக்கே காதை மறுபடி சோதியுங்கள். காதில் சின்ன முனையைச் செருகிச் சில நிமிஷத்தில் பார்க்கும் கருவிதான், மண்டலத்துக்கு ஒன்று இருந்தாலும் சுற்றில் விடலாம்.

ஆறு மாதத்துக்குள் காது மெஷின் மாட்டிய பிள்ளைக்கும் நான்கு வயதில் மாட்டிய பிள்ளைக்கும் பேச்சில் எவ்வளவு தூரம் என்று பார்க்க விரும்பினால், ஏதாவது ஒரு காலையில் எங்கள் வகுப்புக்கு வாருங்கள். முதல்வர் காப்பீட்டில் காக்ளியர் அறுவை (உள்காதில் கேட்கும் கருவி பொருத்துவது) ஆறு வயதுக்குள்தான் கிடைக்கும். ஐந்தே முக்கால் வயதில் கோப்போடு வருபவர்களை என்ன சொல்லி அனுப்புவது என்பதையும் அப்போது கேட்டுக்கொள்கிறேன்.